ஊசியிலைத் தைலமும் கல்யாணப் பலகாரமும்

1. நெய் டெஸ்ட்

"நெய்யை டெஸ்ட் பண்றதுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கிட்டு காருல ஏறு" என்று முதலாளி வந்து சொன்னபோது, நான் முழங்கை வரை சோப்பு நுரையோடு பினாயில் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி பினாயிலும் வலித் தைலமும் செய்கிற கம்பெனி. நெய்க்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எங்கள் முதலாளியிடம் 'எதுக்கு' என்று கேட்டால் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கையைக் கழுவிக்கொண்டு, ஆசிட் பாட்டிலையும் நான்கு டெஸ்ட் டியூபையும் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர்தான் கெமிஸ்ட். தொட்டி கலக்குவது, பாட்டில் கழுவுவதை மேற்பார்ப்பது, லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நான்தான். சம்பளம் ஒரு வேலைக்கு மட்டும்.

கார் திருப்பத்தூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் முதலாளி வாயைத் திறந்தார். கீழச்சிவல்பட்டியில் அவருடைய அக்கா சிகப்பி ஆச்சி வீட்டில் கல்யாணம். அக்காவை அவர்கள் வீட்டில் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆச்சியின் மகளுக்கு வலையபட்டியில் மாப்பிள்ளை. பெண் வீட்டிலிருந்து கொடுக்கிற பலகாரம் முழுக்கச் சுட்டு முடித்தாயிற்று. முடித்த பிறகு பார்த்தால் எதையும் வாயில் வைக்க முடியவில்லையாம். ஏதோ பெயின்ட் வாடை அடிக்கிறதாம். சமையல் பொறுப்பு வேலாயுதம் என்கிற தவசிப்பிள்ளையிடம். எங்கள் பக்கம் கல்யாணச் சமையற்காரரைத் தவசிப்பிள்ளை என்றுதான் சொல்வோம். நெய் வாங்கியதும் அவர்தான். கண்டதைக் கலந்த நெய்யை வாங்கிப் போட்டுவிட்டார் என்று ஆச்சி ஆளை நிறுத்திவிட்டார். அதை நான் கெமிஸ்ட் முறையில் நிரூபிக்க வேண்டும். இதுதான் வேலை.

வீட்டு முகப்பில் காலை வைத்ததும் ஆச்சி ஒரு அதிரசத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. இது என்ன வாடைன்னு சொல்லு."

முகர்ந்தேன். வாடை தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படிப் போகும்? இரண்டு வருஷமாக என் சட்டையில், தலைமுடியில், நான் சாப்பிடும் தூக்குச் சட்டியில்கூட அடிக்கிற வாடை அது. திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவரும் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்திருந்தார். புருவத்தை மட்டும் லேசாக அசைத்தார். 'வாயைத் திறக்காதே' என்று அர்த்தம்.

2. தகர டின்னில் வந்த மலை

அந்த வாடையின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் சேர்ந்த கொஞ்ச காலத்தில், பம்பாய் புரோக்கர் ஒருவர் மூலம் முதலாளி ஒரு டின் பைன் நீடில் ஆயில் வரவழைத்தார். வடக்கே குளிர்ந்த மலைகளில் வளர்கிற ஊசியிலை மரத்தின் இலையை, நீராவி விட்டு வடித்து எடுக்கிற தைலம். நம் நீலகிரித் தைலம் எடுக்கிற அதே முறைதான். டின்னைத் திறந்த அன்று கம்பெனியில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. ஆளாளுக்கு வந்து மோந்து பார்த்து ஒரு பெயர் சொன்னார்கள். பேக்கிங் பெண்கள் சாம்பிராணியும் எலுமிச்சந்தோலும் சேர்ந்தது போல இருக்கிறது என்றார்கள். வாட்ச்மேன் இது பெயின்ட் கடை வாடை என்று ஒரே போடாகப் போட்டார். காரைக்குடி வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அந்த மரத்தைத் தெரியாது. மரத்தைப் பார்க்காமல் வாசனையை மட்டும் பார்த்தவர்கள் நாங்கள்.

எனக்கு அந்தத் தைலத்தின் மேல் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும், எவ்வளவு குலுக்கினாலும் மறுபடி பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெயில் செய்த சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தண்ணீரை ஊற்றினால், சட்டென்று பால் போல வெளுத்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடினேன். டிராப்பரின் ரப்பர் குமிழை அதில் போட்டு வைத்தால் ஊறிக் கொழகொழவென்று உப்பிப் போகும். மேஜையில் சிந்தினால் பெயின்ட் கையோடு வரும். நெருப்புப் பக்கத்தில் வைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பாதி பாட்டிலை வெயிலில் மறந்து வைத்தால் நாளாக ஆகப் பிசின் மாதிரி தடித்துவிடும், அந்தப் பழைய சரக்கைத் தொட்டால் விரல் அரிக்கும். கொதி தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து மூட்டில் தடவினால் சுகமாக இருக்கும். கலக்காமல் தடவினால் 'அப்பாடா' என்பதற்குப் பதில் 'அய்யோ' என்பார்கள். எங்கள் ஸ்டோர்கீப்பர் அப்படித் தடவிவிட்டு ஒரு பகல் முழுக்க வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசிறியபடி திரிந்தார்.

இதிலிருந்து நாங்கள் செய்த சரக்குதான் பைன் ஃப்ளூயிட். அதை விற்க முதலாளி கண்டுபிடித்த இடம் அவருடைய சொந்தக்காரர்களின் பெரிய வீடுகள். குடும்பம் மெட்ராஸிலோ மலேயாவிலோ இருக்கும். வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். கல்யாணம் என்றால்தான் திறப்பார்கள். திறந்தால் உள்ளே வௌவால் குடித்தனம். அந்த வாடை பினாயிலுக்கு மசியாது. எங்கள் ஃப்ளூயிடைத் தண்ணீரில் கலந்து தெளித்துக் கழுவிவிட்டால், வீடே மழை பெய்து ஓய்ந்தது போல இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு அடுத்த கல்யாண வீட்டார் கேட்டார்கள். அந்த முகூர்த்த சீசனில் அதை நம்பித்தான் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. சிகப்பி ஆச்சி வீட்டுக்கும் முதலாளியே ஒரு கேன் கொடுத்து அனுப்பியிருந்தார்.

இப்போது அவர் புருவம் அசைந்ததற்குக் காரணம் புரிந்திருக்கும்.

3. கிணற்றடியில் மூட்டை

முதலில் நெய்யைப் பார்த்தேன். அடுப்படியில் மிச்சமிருந்த நெய் மணல் மணலாக, வாசனையாக இருந்தது. வனஸ்பதி கலப்படம் பார்ப்பதற்கு ஒரு எளிய டெஸ்ட் உண்டு. நெய்யோடு ஆசிட்டும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்துக் குலுக்கினால், வனஸ்பதி இருந்தால் அடியில் சிவக்கும். சிவக்கவில்லை. சுத்தமான நெய் என்று ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி அசரவில்லை. பலகாரத்துக்குப் போட்டது வேறு டின், இது கண்துடைப்புக்கு மிச்சம் வைத்தது என்றார். இல்லாத டின்னை டெஸ்ட் டியூபில் ஊற்ற முடியாது.

வேலாயுதம் பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வைரம் பாய்ந்த உடம்பு. அவருடைய கரண்டிகளும் துணியும் பக்கத்தில் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. கூட வந்த ஆட்கள் தள்ளி நின்றார்கள். நான் யார் என்று சொன்னதும் அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

"ஆச்சி ஏசினாகன்னு எனக்கு வருத்தமில்லை தம்பி. கல்யாண வீட்டுல ஏச்சு வாங்காத தவசிப்பிள்ளை யாரு இருக்கா? ஆனா காலையிலேயே வலையபட்டிக்குப் பேச்சு போயிருச்சு, நெய்யில கலப்படம் பண்ணிட்டான்னு. அங்கன இருந்து ஊரு ஊராப் போகும். இனிமே எந்த வீட்டுல என்னை அடுப்புக்கிட்ட விடுவாக?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண் முன்னால் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. ஆனால் எனக்கே ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஃப்ளூயிட் தெளித்தது வீட்டுக்கு. பலகாரம் இருப்பது மூடி போட்ட டின்களில். வாடை எந்த வழியாக உள்ளே போனது? சுட்டதும் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சூட்டோடு மூடினால் வேர்த்து நமுத்துவிடும், அதனால் சாமான் வைக்கிற உக்கிராண அறையில் மரப்பலகையில் துணி விரித்துப் பரப்பி, ஒரு ராத்திரி ஆறவிட்டுத்தான் டின்னில் அடுக்குவோம் என்றார். எல்லோரும் செய்கிற முறைதான்.

உக்கிராண அறையைப் பார்க்கப் போனேன். இரண்டாங்கட்டில், ஜன்னல் என்ற பெயரில் ஒரு துவாரம் மட்டும் உள்ள அறை. கதவைத் திறந்ததும் தைல வாடை முகத்தில் அடித்தது. வீடு முழுக்க இதையே தெளித்திருந்ததால் வீட்டாரின் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. அங்கிருந்த வேலைக்காரம்மாவிடம் இங்கே எவ்வளவு தெளித்தீர்கள் என்று கேட்டேன். தெளிக்கவில்லையாம். கல்யாணப் பலகாரம் வைக்கிற அறையில் வௌவால் வாடை சொட்டுக்கூட இருக்கக் கூடாது என்று, ஆச்சியே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கேனில் மிச்சமிருந்ததை அப்படியே, தண்ணீர் கலக்காமல், தரையிலும் பலகைகளிலும் ஊற்றித் தன் கையால் தேய்த்தாராம். கொஞ்சம் விட்டாலே இப்படி மணக்கிறதே, நிறைய விட்டால் இன்னும் விசேஷம் என்று நினைத்திருக்கிறார். தேக்குப் பலகை அதைக் குடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு சாமானாக எடுத்து மோந்தேன். நாய் கெட்டது போங்கள். சீனியில் வாடை இல்லை, உப்பில் இல்லை, பச்சரிசியில் தேடிப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. அதிரசம், மனகோலம், தேன்குழல், நெய் விட்டுப் பிடித்த மாவுருண்டை, இவற்றில் மட்டும் தூக்கியடித்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தத் தைலம் தண்ணீரோடு சேராது, எண்ணெயோடு சேரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். டெஸ்ட் டியூபுக்குள் தெரியும். அது காற்றில் எழும்பி, நெய் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் உட்காரும் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றவர்கள் அதிரசத்தைச் சேர்த்துச் சொல்லவில்லை.

4. வெண்ணெய்

முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் எனக்கு முன்பே பாதி ஊகித்திருந்தார். சீசன் நடுவில் இதைச் சொன்னால் எந்தக் கல்யாண வீட்டில் நம் கேனை உள்ளே விடுவார்கள் என்று கேட்டார். நெய்யில் குற்றம் இருந்தாலும் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரிடம் தர்மநியாயம் பேசினால் எடுபடாது என்பதும் தெரியும்.

"இவரை அனுப்பிட்டா நாளைக்குப் புதுத் தவசிப்பிள்ளை வருவாரு, முதலாளி. புது நெய்யில சுட்டு, அதே அறையில, அதே பலகையிலதான் ஆறவைப்பாரு. அதுவும் இப்படித்தான் நாறும். அப்ப ஆச்சி யாரை நிறுத்துவாக?"

முதலாளி, பேச்சில் சொன்னால் ஆச்சி நம்பமாட்டார், கண்ணால் பார்க்கிற மாதிரி செய் என்றார்.

கண்ணுக்கு எதுக்கு, மூக்கு போதும் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படியில் அன்று காலை கடைந்த வெண்ணெய் இருந்தது. வேலாயுதம் தொட்டது என்ற பேச்சே வரக் கூடாது என்பதால் ஆச்சியையே எடுக்கச் சொன்னேன். ஒரே உருண்டையை இரண்டாகப் பிட்டு இரண்டு வாழையிலைத் துண்டில் வைத்தார். ஒன்று முகப்பில், காற்றாட, எல்லோர் பார்வையிலும். இன்னொன்று உக்கிராண அறைப் பலகையில், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு. அறையைப் பூட்டிச் சாவியை ஆச்சியே இடுப்பில் சொருகிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வைத்தது, விளக்கு வைக்கிற நேரம் வரை இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பகல் நகர்ந்தே தொலையவில்லை. புத்தகத்தில் படித்ததல்ல, என் ஊகம்தானே. மாலைக்குள் வெண்ணெய் வாடையை இழுக்காவிட்டால் வேலாயுதத்தின் தலையில் கடைசி மண்ணைப் போட்டவன் நானாகத்தான் இருப்பேன். முதலாளி சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

விளக்கேற்றிவிட்டு ஆச்சி தானே போய்க் கதவைத் திறந்தார். முதலில் செம்புத் தண்ணீரை முகர்ந்தார். முகத்தில் மாற்றமில்லை. வெண்ணெயை எடுத்து முகர்ந்தார். உடனே இலையோடு வெளியே வந்து, முகப்பில் இருந்த இலையையும் எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தார்.

"நான்தானே தம்பி ஊத்தினேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வெண்ணெயைப் பார்த்துச் சொன்னார். "சுத்தமா இருக்கணுமேன்னுதான் ஊத்தினேன். அந்த மனுசனை வாயில வந்ததெல்லாம் பேசிப்புட்டேனே."

அப்போது முதலாளி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேலாயுதத்தை உள்ளே கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் வந்து நின்றதும், டின்னிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் கடித்துத் தின்றார். பாதியில் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. கடைசி விள்ளலையும் விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"பக்குவம் நல்லாத்தான் இருக்கு வேலாயுதம். எங்க சரக்குதான் சரியில்லை. இது எந்த அறைக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு நான் சொல்லிக் குடுத்திருக்கணும் ஆச்சி. சொல்லாம வித்தது என் தப்பு."

ஆச்சி வேலாயுதத்திடம், மூட்டையைப் பிரி, எவ்வளவு நெய் வேண்டும் சொல், நாளைக்கே மறுபடி அடுப்பு மூட்டு என்றார். வேலாயுதம் சரி என்றார். ஆனால் நகரவில்லை.

"சுடுறேன் ஆச்சி. உங்க வீட்டுக் கல்யாணம், விட்டுட்டா போவேன்? ஆனா இங்க அடுப்படியில எனக்கு மட்டும் சொன்னா, வலையபட்டிக்குப் போன பேச்சு திரும்பி வராது."

ஆச்சி உள்ளே போய்விட்டார். வேலாயுதமும் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போனார்.

திரும்பும் வழியெல்லாம் முதலாளிக்கு ஏப்பம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் காருக்குள் ஊசியிலை மரம் மணந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். லேபிளில் புதிதாக ஒரு வரி போட வேண்டும் என்றார். நான் படிப்பைக் காட்டிக்கொண்டு, கொழுப்புப் பொருள்கள், ஆவியாகும் தன்மை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, 'நெய், எண்ணெய், பலகாரம் வைக்கும் அறையில் இதை உபயோகிக்கக் கூடாது. தண்ணீர் கலக்காமல் எங்குமே உபயோகிக்கக் கூடாது' என்று சொன்னார். அப்படியே அச்சடித்தோம். அந்த சீசனில் விற்பனை படுத்துவிட்டது என்பது உண்மை. மூன்று கல்யாண வீட்டார் கேனைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி புலம்பினாரே தவிர, அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சரக்கின் நிறம், எடை, எதில் கரையும் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கும். உங்கள் கையை விட்டுப் போன பிறகு அது யார் வீட்டில், எதற்குப் பக்கத்தில் இருக்கப் போகிறது என்பதை நீங்கள்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அதன் பழி சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் விழும்.

5. சம்பந்தி முகர்ந்தார்

பலகாரத்தை இந்த முறை பட்டாலைக் கூடத்தில், காற்றோட்டமான இடத்தில் ஆறவைத்ததை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கும் எனக்கு அழைப்பு வந்தது. சாப்பிடப் போனேன் என்று சொன்னால் பொய். ஆச்சி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

வீட்டின் நடு முற்றமான வளவில் பலகாரத்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு அதிரசத்தை எடுத்தார். எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை, மூக்குக்குக் கொண்டுபோனார். வலையபட்டியில் கேட்ட பேச்சு அவர் கையில் நின்றது. அடுப்படி நிலையோரம் நின்றிருந்த வேலாயுதம் அதைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

சிகப்பி ஆச்சி எழுந்து நின்றார். பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி வீட்டார் முன்னால் குரல் உயர்த்தக் கூடாத நாள் அது. வளவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நல்லா மோந்து பாருங்க, தப்பில்லை. இது ரெண்டாந்தரம் சுட்டது. மொதத்தரம் சுட்டது கெட்டுப்போனதுக்குக் காரணம் நானு. அறைக்கு மருந்தை ஊத்தி மெழுகினது இந்தக் கை. வேலாயுதம் நெய்யில ஒரு குத்தமும் இல்லை. கலப்படம்னு உங்க ஊருல யாரு யாரு காதுல விழுந்துச்சோ, அவுக அத்தனை பேருக்கும் இதை நீங்களே சொல்லிருங்க."

மாப்பிள்ளையின் அம்மா ஆச்சியைப் பார்த்தார். பிறகு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டு நிதானமாக மென்றார். தன் மகள் திருமணத்துக்கும் இந்தக் கைதான் வேண்டும், தை மாதம் ஆள் ஒழிவா என்று கேட்டார். ஆச்சியிடம் கேட்கவில்லை, நேரே நிலையோரம் பார்த்து வேலாயுதத்திடமே கேட்டார்.

வேலாயுதம் தலையை மட்டும் ஆட்டினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.